ட்ரீ

பத்தூமியில் மழை இல்லாத நாள் அபூர்வம்.
அன்றும் பெய்தது.
மாலுமிப் பள்ளியின் மேல்மாடியில் ஒரு போலிக் கப்பல்:
சுக்கான் உண்டு, ராடார் உண்டு,
சன்னலுக்குப் பதில் திரையில் ஆடும் கடல்.
வாந்தி மட்டும் நிஜம், சிலருக்கு.

ரேடியோவில் இருப்பிடம் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில்.
த்ரீ என்று நினைத்தேன்.
ட்ரீ என்று வந்தது.
"நடுக்கடல்ல மரம் முளைச்சிருக்கு,
யாராவது கோடாலி கொண்டு வாங்க"
என்றான் இராக்லி.
பதினேழு பேர் சிரித்தார்கள். எண்ணினேன்,
எங்கள் மொழியில்.
எங்கள் ஜார்ஜிய மொழியில் மூன்றுக்குச் சாமி என்று பெயர்.
வாயைத் திறந்தால் வந்துவிடும்.

நாக்கைப் பல்லிடுக்கில் வை என்றார்கள்.
வைத்தேன். கடித்துக்கொண்டேன்.
தண்ணீரில் தவளை கத்துகிறது என்று
எங்கள் மொழியில் ஒரு லண்டன்காரர் சொல்லிப் பார்க்கட்டும்,
தொண்டையில் ஏதாவது முறியும்.
ஆனால் அறையில் லண்டன்காரர் யாருமில்லை.
சிரித்த வாய்களுக்குள்ளும் இருந்தது என் நாக்குதான்.

அதன்பின் எனக்கு அடிக்கடி தொண்டைவலி.

மார்ச்சில் பயிற்சிக் கப்பல்.
நள்ளிரவுக் காவல்: பதினாறாம் அலைவரிசையைக்
கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே வேலை,
வாய்க்கு விடுமுறை.
ஏதோ ஒரு சரக்குக் கப்பல்,
எந்த நாட்டுத் தூக்கமோ அந்தக் குரலில்,
போத்தி துறைமுகத்தைக் கூப்பிட்டது:
ஃபோர் டூ டிகிரி, ட்ரீ ட்ரீ.
அடுத்தடுத்து இரண்டு மரம்.
மறுபடி சொல்லுங்கள் என்றது கரை.
அந்தக் குரலில் ஏளனத்தைத் தேடினேன்,
சோற்றில் கல் தேடுவதுபோல.
இல்லை.
அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் மரம்.

டார்ச்சைப் பற்றவைத்துக் கையேட்டைப் புரட்டினேன்.
எண்களை உச்சரிக்கும் அட்டவணை.
மூன்றுக்கு நேரே: ட்ரீ.
ஆயிரத்துக்கு நேரே: டவுசண்ட்.
ஏன் என்று போடவில்லை.
இரைச்சலில் அந்த மெல்லிய காற்று
தொலைந்துபோகும் என்று நானே வைத்துக்கொண்டேன்.
பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்து,
செப்டம்பர் தேதி.
படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் அழுதிருக்கிறேன்.

நாலு மணிக்கு எங்கள் முறை.
பொத்தானை அழுத்திய விரல் நடுங்கியது.
பாதி வாக்கியத்தில் வினைச்சொல் கடலில் விழுந்தது,
போகட்டும் என்று விட்டேன்.
மறுபடி சொல்லுங்கள் என்றது கரை.
சொன்னேன்.

இராக்லி காப்பியோடு வந்தான்.
எவ்வளவு நேரமாக வாசலில் நின்றானோ.
"எத்தேரி, சர்க்கரை எத்தனை?"
"ட்ரீ" என்றேன்.

இரண்டுதான் போட்டான்.
டப்பா காலியாம்.