ஆயிரத்து அறுநூறு

உடம்பில் இரண்டாயிரம் வாட் என்று எழுதியிருந்தது.
பஞ்சிகாவத்தையில் பாஹிம் நானா
அந்த எழுத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு சொன்னார்:
"ஆயிரத்து அறுநூறெண்டு நெனச்சிக்கோங்க தங்கச்சி.
மிச்சம் ஜப்பான்காரன்ட ஆச."

தூக்கிப் பார்த்தேன்.
ஆறு மாதப் பிள்ளைகள் மூன்றின் கனம்.
பாவித்த சாமான்தான், ஆனால் பிடியில் இன்னும்
பொலித்தீன் கழற்றவில்லை.

பஸ் முன்பு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது.
இருபத்தாறு சீற்றில் இரண்டை விட்டு
மற்றதெல்லாம் கழற்றி விற்றோம்.
ஒரு கட்டில். முகம் கழுவ ஒரு கிண்ணம்.
முழங்கால் உயர ஐஸ்பெட்டி. கூரையில் ஏசி.
ஜன்னல் சட்டத்தில் யாரோ காம்பஸ் முனையால்
சிங்களத்தில் கீறிய 'திலினி' மட்டும் அப்படியே இருக்கிறது.
அதற்கு மேல் பெயின்ட் அடிக்க யோகு மறுத்துவிட்டான்.

முதல் இரவுக்குத் தூரம் வேண்டாம், காக்கைதீவு போதும்,
பழுதானால் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிடலாம் என்றான்.
நாடு சுற்ற வாங்கிய வாகனம்
கடலைக் கண்டதும் நின்றுவிட்டது.

பஸ் குடிப்பது டீசல். இது பெற்றோல்.
மூன்றாவது இழுவையில் கயிறு பிடித்தது.
ஏசியைப் போட்டோம்.
ஒரு முனகல், சிவப்பு விளக்கு,
பிறகு கடல் திடீரென்று கேட்டது.

"ஐஸ்பெட்டியக் கழட்டு."
கழற்றினேன்.
ஃபோன் சார்ஜரையும் கழற்றினேன், ஒரு பயத்துக்கு.
மறுபடி கயிறு. இம்முறை ஏசி
நெஞ்சு முட்டி, தள்ளாடி, எழும்பிவிட்டது.
எழும்பும்போதுதான் அதற்கு அவ்வளவு பசி,
எழும்பிய பிறகு பாதி போதும் என்று
யோகு எனக்கு விளக்கினான்.
அவனும் காலையில் அப்படித்தான்.

இனி எங்கே வைப்பது?
உள்ளே கூடாது. ஜன்னலோரமும் கூடாது.
அதன் புகையில் ஆளை முடிக்கிற பகுதிக்கு மணமே இல்லை.
இருபது அடி வயரை நீட்டிக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வைத்தோம்.
வைத்ததும் இரண்டு பையன்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.
தென்னையோடு சேர்த்துச் சங்கிலி போட்டோம்.
யோகு சங்கிலியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பாயையும் ஒரு பொல்லையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஆக,
எனக்கு இருபது பாகை குளிர்.
அவனுக்கு மட்டக்குளி நுளம்பு.

பத்தரைக்கு ஒரு கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளில் வந்து
ஐஸ்கிறீம் பஸ்ஸா என்று கேட்டாராம்.
இல்லை, வீடு என்றானாம் இவன்.
வீடென்றால் நீ ஏன் வெளியே படுத்திருக்கிறாய்?
அதற்கு யோகுவின் சிங்களம் போதவில்லை.

கட்டில் அகலமாக இருந்தது.
குளிர் போதுமென்று ஏசி ஓய்கிறபோது
வெளியே அதன் குரல் இறங்கியது.
திரும்பத் தொடங்கினால் ஏறியது.
விளக்கைப் போட்டேன்: ஒரு செருமல்.
அணைத்தேன்: ஒன்றுமில்லை.
மின்விசிறியைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன்.
நான் செய்கிறதெல்லாம் இருபது அடி தாண்டி
அவன் காதருகே போய்ச் சேர்கிறது.
பன்னிரண்டு வருடத்தில்
இவ்வளவு பக்கத்தில் வைத்து அவன் என்னைக் கேட்டதில்லை.

இரண்டு மணிக்கு ஏசியை நிறுத்தினேன்.
வெளியே எல்லாம் தணிந்தது.
கண்ணாடியில் ஈரம்; துடைத்தேன், போகவில்லை,
ஈரம் அந்தப் பக்கம்.
திலினியின் ஜன்னலை இழுத்துத் திறந்தேன்.
உப்பும் மீனும் பெற்றோலும் ஒன்றாக உள்ளே வந்தன.
யோகு ஒரு முழங்கையில் எழும்பி
பஸ்ஸை அல்ல, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேத்தலைச் செருகினேன்.
ஆயிரத்து ஐநூறு.
நூறு மிச்சம்.

அது உறுமிக்கொண்டு எழும்பியது.
அவன் இருட்டில் செருப்பைத் தேடத் தொடங்கினான்.