துணைவிதி ஏழு

நாற்பது வாட் எல்ஈடி, பால்வெள்ளை.
இடதுகரை வீதியில் பதினொரு கம்பம்,
நான்தான் ஏணி வைத்துப் பூட்டினேன்.
திறப்புவிழாவில் வெடி கொளுத்தினார்கள்,
எனக்கும் ஒரு சோடா.

தை பிறந்தது.
அருமைத்துரையின் மானாவாரியில்
மொட்டைக்கறுப்பன் கதிர் தள்ளித் தலைசாய்ந்திருக்க
மூன்றாம் கம்பத்தடியில் மட்டும்
ஒரு வட்டம்
பச்சையாய், விறைப்பாய்,
குடலையும் கட்டாமல்.
"அதுக்கு இன்னும் இரவு வரேல்லை" என்றார்.
அளந்தோம். முப்பத்தெட்டு அடி குறுக்கு.
படம் ஒட்டி மனு எழுதினோம்.

சபையில் இரண்டரை மணிநேரம் இழுபட்டது.
ஒருவர் யானையைச் சொன்னார்,
ஒருவர் மின்கட்டணத்தை.
கார்மென்ட்ஸ் பஸ்ஸில்
பத்தே காலுக்கு இறங்குகிற சுகந்தினி
பின்வாங்கிலிருந்து எழும்பினாள்:
"நெல்லுக்கு இருட்டு வேணும், சரி.
தரிப்பிடத்திலயிருந்து என்ர படலைக்கு
எழுநூற்றுப் பதினாறு எட்டு.
பயத்தில எண்ணித்தான் நடக்கிறன்.
அதையும் எழுதுங்கோ."

எழுதினார்கள்.
வெளிச்சம் நிலம் பார்க்க வேண்டும்.
வயலுக்குள் சிந்தக் கூடாது.
நிறம் மஞ்சள்.
கடைசி பஸ் போய் அரைமணி கழிய, பாதி.
பஸ் வராத நாளில்? என்றாள்.
தவிசாளர் பேனாவைத் திறந்து
ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்.

தகரம் வெட்டி மறைப்பு அடித்தேன்.
ஏணி உச்சியில், முழங்கை வியர்க்க,
பரா வெளிச்சம் நினைவு வந்தது.
குடைபிடித்து மெல்ல இறங்கும்.
முற்றத்து மணலை எண்ணலாம் போல இருக்கும்.
நாங்கள் முகம் குப்புற.
வெளிச்சம் என்றால் அப்போது
கண்டுபிடிக்கப்படுவது.
ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தேன்.

முகாமின் நாலு கோபுர விளக்குகளுக்கு
விதி செல்லாதாம்.
கடிதம் போட்டோம்.
பதிவுத் தபால் சிட்டை கோப்பில் இருக்கிறது.

இந்தத் தையில் வட்டம் இல்லை.
மூன்றாம் கம்பத்தடி நெல்லும்
மற்றதுகளோடு பழுத்து,
எது என்று காட்டத் தெரியவில்லை எனக்கு.

முகாம் வேலியோரம் மட்டும்
நீட்டுக்கு,
வாய்க்கால் வளைவு வரைக்கும்,
பச்சை.

அருமைத்துரை மடியிலிருந்து
அளவுநாடாவை எடுத்தார்.
"அந்தத் தலைப்பைப் பிடி" என்றார்.