சிவக்கும் வரை

செவ்வாயும் வெள்ளியும், மாலை ஆறு முதல் ஏழரை வரை
தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்
காளான் பார்த்துச் சொல்வது என் வேலை.
ஒரு தராசு, ஒரு கத்தி, பழைய செய்தித்தாள்,
கெட்டதைப் போட மூடி வைத்த வாளி.

துரி காஃப்லிஷ் கூடையைக் கொண்டுவந்த விதமே
பாம்பாட்டி கூடையை வேறொருவன் தூக்குவது போலிருந்தது,
உடம்பை விட்டுத் தள்ளி.
"நான் பறித்ததில்லை.
பக்கத்து வீட்டு ப்ளாசி வைத்துவிட்டுப் போனான்.
நாலு வருஷமாக என்மேல் வேலி வழக்கு நடத்துகிறவன்."

பன்னிரண்டு.
தண்டில் ஸ்புரூஸ் ஊசிகள், ஈர மண்.
பழுப்புக் குடைமேல்
காய்ந்த கஞ்சித் துளிபோலச் செதில்கள்.
எங்கள் பக்கம் முத்துக்காளான் என்போம்.
நன்றாக வெந்தால் விருந்து,
அரைவேக்காட்டை வயிறு மன்னிக்காது.
இதற்கு ஒரு பங்காளி உண்டு. சிறுத்தைக்காளான்.
அதே உயரம், அதே உடுப்பு, அதே மரத்தடி,
எவ்வளவு வேகவைத்தாலும் விஷம்.

முத்தின் கழுத்து வளையத்தில்
கொசுவம் வைத்ததுபோல் வரி ஓடும்.
சிறுத்தைக்கு வழுவழு.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை மழை
பாதி வளையங்களைக் கிழித்துவிட்டது.
ஆகவே கத்தி.
ஒவ்வொன்றின் அடித்தண்டையும் கீறி வரிசையாக வைத்தேன்.

"இனி?"
"காத்திருக்க வேண்டும்.
காயம்பட்ட இடத்தில் முத்து சிவக்கும்.
மற்றது வெள்ளையாகவே இருக்கும்,
கீறியதே தெரியாதது போல."
"சிவப்பது வெட்கத்திலா, கோபத்திலா?"
"காற்றுப் பட்டதில்" என்றேன்.

புழு துளைத்தவை முதலில் காட்டிக்கொடுத்தன.
துளையைச் சுற்றி ஏற்கெனவே திராட்சை ரசக் கறை.
பிறகு ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் நாலு,
அழுது முடித்த பிள்ளையின் இமை நிறத்துக்கு வந்தன.
அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
காளானையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான்.

பதினொன்று சிவந்தன.
ஓரத்தில் ஒன்று வெளுத்தே கிடந்தது.
அடிக்கிழங்கின் மண்ணைத் துடைத்தேன்.
விளிம்பு கட்டிய கிண்ணத்தில் நட்டதுபோல் தண்டு.

"எனக்குத் தெரியும்" என்றான்,
கிட்டத்தட்ட சந்தோஷமாக.
"எழுதிக் கொடுங்கள். முத்திரையோடு."

படிவத்தில் இனம், எடை, முடிவு என்று கட்டங்கள்.
ஏன் என்று ஒரு கட்டம் இல்லை.
எடைக் கட்டத்தில் பேனா நிற்கும்போதுதான் உறைத்தது:
தந்தது பன்னிரண்டு.
தந்தவன் தனக்கென்று எத்தனை வைத்துக்கொண்டான்?

எண்ணைக் கேட்டேன்.
பகைவனின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னான்.
ஏழாவது மணிக்கு எடுத்தார் ப்ளாசி,
பின்னால் வெண்ணெய் சீறுகிறது.
"சாப்பிட்டீர்களா?"
"இல்லை, இப்போதுதான் வெங்காயம் சிவக்கிறது."
"அடுப்பை அணையுங்கள்."

காஃப்லிஷ் கையை நீட்டினான், கொடுத்தேன்.
அவர்கள் பேசியது ரோமான்ஷ்.
நான் கீழ்ப் பள்ளத்தாக்குக்காரி,
அந்த மொழியில் எனக்கு ரொட்டி தெரியும், வேலி தெரியும்.
வேலி ஒருமுறை வந்தது. ரொட்டி வரவில்லை.
குரல் உயர்ந்தது, இறங்கியது,
நடுவில் நெடுநேரம் எதுவுமே இல்லை.
முத்திரை வைத்த படிவத்தை மேசையிலேயே விட்டு
வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஏழு இருபதுக்கு இரண்டு பேரும் வந்தார்கள்,
ஒரே வண்டியில், ஒரு வார்த்தை பேசாமல்.
ப்ளாசியின் மடியில் துணி சுற்றிய வாணலி.

எட்டிப் பார்த்தேன்.
வெண்ணெயில் வதங்கியதற்கு
வளையமில்லை, கிழங்கில்லை, கொசுவமில்லை.
எல்லாம் ஒரே பழுப்பு.
"இதில் என்னால் எதுவும் சொல்ல முடியாது" என்று
வாளியின் மூடியைத் திறந்தேன்.

யார் கொட்டுவது என்பதில்
சற்று நேரம் தகராறு நடந்தது.