பசி வருமுன்

காலை எட்டரைக்கு விளக்கைப் போடுவேன்.
வல்லம் சாலையில் வெயில் ஏறி நெடுநேரமாகியிருக்கும்.
ஆனால் இந்தத் தொட்டிகளுக்கு
என் விரல் பட்டால்தான் விடியல்.
இரவெல்லாம் ஆணையும் பெண்ணையும் பிரித்திருந்த
தடுப்பை உருவுகிறேன்.
சற்று நேரத்தில் அடியில் முட்டைகள்,
கடுகிலும் சிறிதாய்.

வெளுத்தவை செத்தவை. உறிஞ்சி எடுத்துவிடுவேன்.
மிஞ்சியவற்றுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.
மறுநாளே துடிக்கும் இதயம்,
முதுகோடு ஓடும் நரம்புத் தண்டு,
அதன் மேட்டிலிருந்து இறங்கிப் போகும் உயிரணுக்கள்.
இறங்கியவற்றில் சில, மேனியில் வரியாகும்.
சில, பயந்தால் நெஞ்சை அடிக்கவைக்கும் நரம்பாகும்.
எப்போதாவது ஒன்று
எதுவாகவும் ஆகமாட்டேன் என்று
வழியிலேயே உட்கார்ந்து
பெருகத் தொடங்கும்.

கல்லணையில் பிரிகிற தண்ணீர் மாதிரி என்று
பார்க்க வந்த மாணவிகளிடம் ஒருமுறை சொன்னேன்.
தப்பு.
தண்ணீருக்கு மதகு உண்டு,
ஷட்டரை இறக்க லஸ்கர் உண்டு.

மாதிரி எண் பதினேழு. ஆண். மூன்று வயது.
எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.
இரண்டாம் கையெழுத்துக்கு வந்த தகப்பன்
கதவு மாறி என் அறைக்குள் வந்துவிட்டார்.
பேராவூரணிப் பக்கம் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர்,
காலரில் இன்னும் நெல் சுணை.
கண்ணைச் சுத்திக் கறுத்தப்ப
எங்கயோ விழுந்துட்டான்னுதான் நெனச்சோம் என்றார்,
நான் கேட்காமலே.

நுண்ணோக்கியில் காட்டினேன்.
மூன்று நாள் குஞ்சு. கண்ணாடி உடம்பு.
மஞ்சள் கருப் பையில் பச்சையாய் மினுங்கும் ஒரு பொட்டு,
முந்தாநாள் நான் ஊசியால் வைத்தது.
யாருடையது என்று சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இதுக்குப் பசிக்குமாம்மா?"
"அஞ்சு நாளைக்குப் பசிக்காது.
சாப்பாட்டோடதான் பொறந்திருக்கு."
"எங்க பயலுக்கும் இப்பப் பசியே இல்ல."

ஐந்தாம் நாள், பசி வருமுன்,
முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி.
அதையும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் மருந்துக் கிண்ணத்தில்
இருபதில் பதினொன்றுக்குப் பொட்டு சுருங்கியிருக்கிறது.
ஒன்பதுக்கு இல்லை.
அப்படியே எழுதினேன். அடிக்கோடு இடவில்லை.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி எழுந்தது;
வெப்பமானி மட்டும் இருபத்தெட்டரையில் அசையாமல்.

மாலை பெரிய தொட்டிகளில் இறால் பொடியைத் தூவுகிறேன்.
வரி வரியாய் எல்லாம்
ஒரே நேரத்தில் மேலே வருகின்றன,
வாயைத் திறந்துகொண்டு.