நடுத்தாங்கி

இரண்டாம் பாலத்தில் நூற்றுப் பத்தைத் தொட்டதும்
இருக்கைக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு.
நூற்று இருபதில் அது பேச்சு.
நூற்று முப்பதைப் பற்றி
எழுத்தில் எதுவும் சொல்லமாட்டேன்.

பிறையில் கோக் வெங்கின் பட்டறை.
லிப்டில் ஏறி நிற்கிறது என் சில்வியா,
வெட்கமில்லாமல் வயிற்றைக் காட்டிக்கொண்டு.
கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சு வரை
இரண்டு துண்டாய் ஓடும் இரும்புத் தண்டு.
நடுவில் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் பேரிங்.
விரலால் தொட்டான்.
விழப்போகும் பால்பல் போல ஆடிற்று.

'டர்போ மாத்தின, கிளட்ச் மாத்தின,
முந்நூத்தி எண்பது குதிரை.
தண்டு மட்டும் தொண்ணூத்தஞ்சுல பொறந்தது.'
மலாயில்தான் சொன்னான்.
என் காதுக்குள் தமிழாகிவிட்டது.

புதுசு சுவரில் சாய்ந்திருந்தது.
கார்பன் ஃபைபர். ஒரே துண்டு.
பாய் முடைந்து மையில் தோய்த்த மாதிரி.
ஒற்றைக் கையால் தூக்கினேன்,
எடையே இல்லை.
உடைந்தால்கூடத் துடைப்பமாய்ப் பிரியுமாம்,
தரையைக் கிழிக்காதாம்.
இதற்கு நடுவில் பேரிங் எங்கே என்றேன்.
வேண்டாம், என்றான்.
தாங்க ஆள் வேண்டாம்.

ஐயாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பழசுக்குப் பேரிங் மட்டும் போட்டால்
கூலியோடு இருநூற்று நாற்பது.

பாயான் லெப்பாசில் இரவு ஷிப்டில்
சிப்புகளை நூற்றைம்பது டிகிரியில் வேகவைத்து
எது முதலில் சாகிறது என்று குறிப்பது என் வேலை.
பன்னிரண்டு வருஷம்.
வேறு கேள்வி கேட்கத் தெரியாது எனக்கு:
இதைப் பலமாக்கினால் அடுத்து எது உடையும்?

கியர்பாக்ஸ். எட்டாயிரம்.
அதையும் பலமாக்கினால் பின்னச்சு.
அதையும் பலமாக்கினால்?
பேசாமல் என் கழுத்தைக் காட்டினான்.

எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் உண்டு:
குமுதி தாங்குவா.
தம்பி கடைக்கு முன்பணமா, குமுதி தாங்குவா.
அப்பாவுக்கு டயாலிசிஸா,
அத்தை மகள் கல்யாணத்துக்கு மண்டபமா.
வெடித்த அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்தபடி
கவிதை எழுதுகிறவள் இங்கே நின்று
ஒரு பெருமூச்சு விடவேண்டும்.
எனக்கு ஏழு மணிக்கு ஷிப்ட்.

பேரிங் போடு, என்றேன்.
உடைவது மலிவாய் உடையட்டும்.

திரும்பும்போது பாலம் அமைதி.
நூற்று இருபதிலும் அமைதி.
எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரி
கையால் இருக்கைக்கு அடியில் தடவிப் பார்த்தேன்.

பழைய பேரிங்கை நெகிழிப் பையில் போட்டு
வேலைக்கு எடுத்துப் போயிருந்தேன்.
மூன்று மணிக்கு, மேற்பார்வையாளர் சுராவுக்குப் போன நேரம்,
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
சூடு, பளு, வயது,
மூன்று கட்டம்.
மூன்றிலும் டிக் போட்டேன்.

அப்போதுதான் கோக் வெங்கின் செய்தி:
'தண்டு இன்னும் சுவரோரம்தான்.
ஈப்போக்காரன் ஒருத்தன் கேக்குறான்.
வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன்.'

பதில் எழுதவில்லை.
அழிக்கவுமில்லை.
இன்று வியாழன்.