குண்டு என்று சொல்லாதே

அபு ஷகாராவில் ஆகஸ்ட்.
நீலக் குழாயில் கொதிநீர் வரும்.
ஹீட்டரை அணைத்துவிட்டுச் சிவப்பைத் திறந்தால்
கொஞ்சம் ஆறின தண்ணீர்.
ஷார்ஜா கோடைக்கு இதுதான் இலக்கணம்.

"குண்டு பன்னிரண்டு ரெடி" என்று
கம்பெனி ஆட்களின் குழுவில்
குரல் அனுப்புகிறான் ஜெபசிங்.
அழி, உடனே அழி.
உருண்டை என்று சொல்,
சோப்பு லட்டு என்று சொல்,
விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் மாதத்தில்
அந்த ஒரு சொல் வேண்டாம்.

ஆப்பசோடா இரண்டு பங்கு,
மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும்
புளிப்புப் பொடி ஒரு பங்கு,
சோளமாவு, கொஞ்சம் தேங்காயெண்ணெய்,
லாவெண்டர் பதினோரு சொட்டு,
பன்னிரண்டானால் எனக்குத் தலைவலி.
தண்ணீரை ஊற்றக் கூடாது,
கண்ணாடியில் மூச்சு விடுவதுபோல் தெளிக்கணும்.
கையில் இறுக்கினால் பிடிக்கணும்
விரலால் தட்டினால் உதிரணும்.
ஈர மணல் மாதிரி என்றாள்
வீடியோவில் அந்த வெள்ளைக்காரி.
எனக்குத் தெரியும் அதன் பெயர்:
புட்டுமாவுப் பதம்.

முதல் ஈட்டைக் கடல்காற்று கெடுத்தது.
ஜன்னல் விரிசலில் நுழைந்த ஈரம்
அச்சுக்குள்ளேயே நுரைக்க வைத்து
விடிந்து பார்த்தால்
பருத்து, மரு முளைத்து
அம்மை போட்ட முகங்கள் எட்டு.
இரண்டாம் ஈடு படுக்கையறையில்,
ஏசி பதினெட்டில்,
போர்வைக்குள் ஜெபசிங்கின் பல் தந்தியடிக்க.
அச்சு? பத்து திர்ஹம் கடைப் பந்துகள்,
நடுவில் அறுத்தவை.

மாரிட்டெஸ் தன் நகக் கடையில் வைத்து விற்பாள்,
ஒன்று எட்டு திர்ஹம், அதில் அவளுக்கு இரண்டு.
தொட்டியில் போட்டால் எவ்வளவு நேரம் நுரைக்கும் என்று
நேற்றுக் கேட்டாள்.
வாளியில் பார்த்த கணக்கைச் சொன்னேன்.
வாளிக்கா இதை வாங்குவார்கள் என்றாள்.

எங்கள் ஃபிளாட்டிலும் தொட்டி உண்டு.
மூன்று குடித்தனத்துக்கு ஒன்று.
அதற்குள் ஐந்து வாளி, பெயர் எழுதிய மக்குகள்,
வாஷிங்மெஷின் கக்கும் குழாய்,
யாரோ ஒரு பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள்.
ஏழு வருஷமாக மிச்ச இடத்தில்
நின்றே குளிக்கிறோம்,
பேருந்தில் நிற்கிற மாதிரி.

இரவு இரண்டு மணிக்கு
எல்லாவற்றையும் ஓசைப்படாமல் வெளியே வைத்தேன்.
சைக்கிள் மணி மட்டும் ஒருமுறை காட்டிக்கொடுத்தது.
தேய்த்துத் தேய்த்து,
தான் வெள்ளை என்று ஒப்புக்கொண்டது தொட்டி.

உருண்டையை விட்டேன்.
அடியில் போய் உட்கார்ந்து யோசித்தது.
பிறகு சீறிச் சுழன்று மேலே வந்து
கத்தரிப்பூ நிறத்தில்
தன்னைத் தானே அவிழ்த்துக்கொண்டது.
மூன்று நிமிஷம் நாற்பது விநாடி.
குறித்துக்கொண்டேன்.
வேலை முடிந்தது, எழுந்திருக்கலாம்.

எழவில்லை.
முட்டி இரண்டும் தீவுகள்.
காது தண்ணீருக்குள் போனதும்
கட்டடத்தின் ஏசிகள் அத்தனையும்
ஏதோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது.
என்ன சொல் என்று பிடிபடுமுன்
கதவு தட்டல்.

பக்கத்து அறை ஷைபி.
பதினாறு மணி நேர நர்ஸ் வேலை முடித்து
அப்போதுதான் வந்திருக்கிறாள்.
ஈரத்தோடு நைட்டியை மாட்டித் திறந்தேன்.
அவளுக்குப் பின்னால் வரிசையாக வாளிகள், சைக்கிள்,
எனக்குப் பின்னால் ஊதாத் தண்ணீர்.
எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்
அடைப்பைப் பிடுங்கக் குனிந்தேன்.

"வேண்ட" என்றாள்.
வெள்ளைச் செருப்பைக் கழற்றி
கால்சட்டையை முட்டிவரை சுருட்டி
விளிம்பில் உட்கார்ந்து
பாதம் இரண்டையும் உள்ளே விட்டாள்.
வெகுநேரம் பேச்சில்லை.
கணுக்காலில் சாக்ஸின் தழும்பு
மெல்ல நிரம்பி மறைவதைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கேட்டாள்:
"இதின்ற பேரெந்தா?"

சுவருக்குக் காது இருந்தாலும்
இந்நேரம் அது தூங்கியிருக்கும்.
குனிந்து, அவள் காதோரம்,
சொன்னேன்.

அவள் சிரித்ததில்
மூன்று அறையிலும் விளக்கு எரிந்தது.