ஒன்றரை அங்குலம்

மூன்று வருஷம் மூன்று அங்குல உயரத்தில் நின்றேன்.
சேலத்து மேனேஜர் சொல்லியிருந்தார்:
"நீ உள்ளே வர்ற சத்தத்துலயே
டாக்டர் நிமிர்ந்து பார்க்கணும், பிரபாவதி."
டாக்டர்கள் நிமிரவில்லை.
என் கெண்டைக்கால் நரம்புகள்தான்
நீலமாய் எழுந்து பார்த்தன.

பர்கூர் ஆஸ்பத்திரி வராந்தாவில்
பெஞ்சு நோயாளிகளுக்கு.
மருந்து விற்க வந்தவர்களுக்குச் சுவர்.
சாய்ந்தால் முதுகில் சுண்ணாம்பு.
சாயாவிட்டால் குதிகாலில் புறப்பட்டு
இடுப்புவரை ஒரு கம்பி முறுக்கேறும்.
பையில் வலி மாத்திரை சாம்பிள், நாற்பது அட்டை.
ஒன்றையும் நான் பிரிக்கக் கூடாது.
பிரித்திருக்கிறேன். இரண்டு முறை.

நடுவில் ஒரு மாதம் தட்டைச் செருப்புக்கு மாறினேன்.
ஊத்தங்கரையில் நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து
"டோக்கன் வாங்கிட்டு உக்காரும்மா" என்றார்.
உட்கார்ந்தேன்.
பொய் சொல்வானேன்,
அந்த இருபது நிமிஷம் சுகமாக இருந்தது.
அந்த மாதம் டார்கெட்டில் பாதிகூட எட்டவில்லை.

பிறகுதான் பழையபேட்டைக் கடை.
மாங்காய் லாரி ஒன்று திரும்ப வழியில்லாமல்
தெருவையே ஹாரனால் நிரப்பிக்கொண்டிருந்த மே மாத மாலை.
நஸ்ரீன் கேட்டாள்:
"பார்ட்டிக்கா, டூட்டிக்கா?"
டூட்டிக்கு. ஆனால் பார்ட்டிக்குப் போகிறவள் மாதிரி தெரியணும்.
அவள் சிரிக்கவில்லை.
என் காலை ஒரு பார்வை பார்த்தாள், நம்பர் கேட்கவில்லை.
ஏணியில் ஏறி
மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள்.

மாந்தளிர் நிறம்.
முன்பக்கம் கூராக இல்லை,
ஐந்து விரலும் சண்டையில்லாமல் குடியிருக்கலாம்.
கட்டைக் குதி:
தீப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினால்
எவ்வளவு உயரமோ அவ்வளவு.
உள்ளங்கால் குழியை அவள் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாள்,
பழுத்திருக்கிறதா என்று
பழத்தைப் பார்ப்பதுபோல.
குதியை மேஜையில் தட்டினாள்.
ஆணி அடிக்கும் ஓசை இல்லை,
கதவைத் தெரிந்தவர்கள் தட்டுகிற ஓசை.

வலது காலில் போட்டு எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன்,
அவள் வெறுங்காலோடு நிற்கிறாள்.
காலை பத்திலிருந்து அந்த டைல்ஸ் மேல்.
மூலையில் ஸ்டூல் ஒன்று இருந்தது,
அதன் மேல் ஓனருடைய துண்டு.
"உன் நம்பர்?"
"எனக்கும் ஆறுதான்க்கா."
"போட்டுப் பார்த்திருக்கியா?"
"விக்கிறவ போட்டா அழுக்காயிடுமாம்."

ஓனர் டீக்குப் போயிருந்தார்.
இடது காலுக்குரியதை
அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.
தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.
பிறகு காலை நுழைத்தாள், சட்டென்று,
ஓடையில் இறங்குகிறவள் மாதிரி.

முழங்காலுக்குக் கீழே மட்டும் காட்டும்
சாய்ந்த கண்ணாடி.
அதில் நாலு பாதங்கள்:
இரண்டு மாந்தளிர், இரண்டு வெற்று.
ஆளுக்கு ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் உயர்ந்து
பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கிய வண்டிகளாய்ச்
சாய்ந்து நின்றோம்.
"நல்லாருக்குக்கா" என்றாள்.
எந்தக் காலைச் சொன்னாளோ.

எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
பேரம் பேசவில்லை. கொஞ்சம் பேசியிருக்கலாம்.

மறுநாள் காலை ரவுண்டானாவில்
காவேரிப்பட்டணம் பஸ் நகர்ந்துவிட்டது.
யோசிக்காமல் ஓடினேன்.
பாதிவழியில்தான் தெரிந்தது, ஓடிக்கொண்டிருக்கிறேன்.
பையில் மாத்திரைகள் குலுங்க,
மழைச்சேற்றில் குதி வழுக்காமல்,
படியில் ஏறி
கம்பியைப் பிடித்தேன்.
"மேடம், மெதுவா" என்றார் கண்டக்டர்.
மூன்று வருஷமாக மெதுவாகத்தானே போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் அன்றும் நிமிரவில்லை.
எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு
புது சிரப்பைப் பற்றி
ஒரு வரி விடாமல் சொன்னேன்.
வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன்:
அடிப்பாகத்தில் விலைச்சீட்டு
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
அதன்மேல் பேனாவால்
நஸ்ரீன் வட்டம் போட்டிருந்த ஆறு.